சுற்றளவு நூற்றுப்பதினைந்து

கடலூர் முதுநகரில் ஆரோக்கியம்மாளைத் தெரியாத பெண்கள் குறைவு. ஆரோக்கியம்மாளுக்கு அளவு தெரியாத பெண்கள் அதைவிடக் குறைவு. மாதா கோவிலுக்குப் பின்தெருவில், வீட்டின் முன்னறையையே கடையாக்கி இருபத்தெட்டு வருடமாகத் தைத்துக்கொண்டிருந்தாள். கோவிலில் முதன்முறையாக நற்கருணை பெற்றுப் புதுநன்மை வாங்கும் சிறுமிகளுக்கு வெள்ளைக் கவுன், கல்யாணப் பெண்களுக்குக் கவுனும் ஜாக்கெட்டும், பிள்ளை பெற்ற பிறகும் போட்டுக்கொள்ளும்படி உள்ளே துணி தாராளமாக விட்ட ஜாக்கெட், எல்லாம் அந்த ஒரே மிஷினில்தான். யார் எந்த வருடம் எத்தனை இஞ்ச் கூடினார்கள் என்பது அவளுடைய அளவு நோட்டில் இருந்தது. அவள் வாயிலிருந்து ஒருநாளும் வெளியே வந்ததில்லை. பெண்கள் அவளைத் தேடி வந்ததற்குத் தையல் பாதிக் காரணம், அந்த வாய் பாதிக் காரணம்.

புருஷன் துறைமுகத்துக்கு வேலைக்குப் போய் வந்தவன். அவன் இறந்தபோது மகள் பிரிசில்லாவுக்கு ஒன்பது வயது. அவளைச் சிதம்பரத்தில் நர்சிங் படிக்க வைத்தாள். மகளுக்குச் சிங்கப்பூர் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலையும் கிடைத்தது. இரண்டு வருடத்தில் அங்கேயே குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பையனைக் கட்டிக்கொள்வதாக மகள் போனில் சொன்னபோது, ஆரோக்கியம்மாள் அளவு நோட்டில் அவள் பக்கத்தைப் புரட்டினாள். பிறகு கேட்டது ஒரே கேள்வி.

"இடுப்பு இன்னும் இருவத்தேழுதானா?"

2009 ஆகஸ்டில் கல்யாணம், சிங்கப்பூரிலேயே. கவுனை அங்கே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று வருங்கால சம்பந்தியம்மாள் சொல்லியிருந்தாள். ஊரில் பாதிப் பெண்களுக்குக் கல்யாணக் கவுன் தைத்தவளின் மகள் வாடகைக் கவுனில் பீடத்துக்கு முன்னால் நிற்பதா என்று ஆரோக்கியம்மாள் அன்றே வெள்ளைத் துணி வாங்கிவிட்டாள். ஒன்றரை மாதம் உட்கார்ந்து தைத்தாள். வெள்ளை சாட்டின், மார்பில் மணிவேலை, பாவாடை குடைபோல விரிந்து நிற்க உள்ளே ஆறு அடுக்கு வலைத்துணி. சம்பந்தியம்மாள் இவள் மனம் நோகாதபடி போனில் சொன்னாள், "தைங்க தைங்க. ஆனா ஒரு சேஃப்டிக்கு நான் வாடகைக் கவுனையும் புக் பண்ணி வெச்சிருக்கேன்." அந்த 'சேஃப்டி' ஆரோக்கியம்மாளின் காதில் முள்ளாகத் தைத்தது.

கவுன் கையோடுதான் போகவேண்டும் என்று அவள் முடிவு செய்ததற்குக் காரணம் அப்துல் ஹக். முதுநகர் கடைத்தெருவில் லேஸ், மணி, நூல் விற்பவர். மலேசியாவுக்கு அடிக்கடி போய்வருபவர். "பெட்டியில மட்டும் போட்டுடாதீங்க டைலரம்மா. என் பெட்டி ஒருதடவ எந்த ஊருக்குப் போச்சுனு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது. ஒம்பது நாள் கழிச்சு வந்துச்சு, அதுவும் எதோ ஒரு நாட்டு மண்ணோட." சனிக்கிழமை கல்யாணம். விசா தாமதமானதால் அவள் போய் இறங்குவதே வியாழக்கிழமைதான். ஒன்பது நாள் எங்கே இருக்கிறது?

விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் ஏற்பாடு செய்தவர் சிதம்பரம் கீழவீதியில் மாடியில் ஆபீஸ் வைத்திருந்த ராஜமாணிக்கம். பிரிசில்லாவுக்கும் அவர்தான் செய்து கொடுத்தார். டிக்கெட்டை வாங்கப் போன அன்றே ஆரோக்கியம்மாள் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாள். கையில் எடுத்துப்போகும் பை ஒன்று, ஏழு கிலோ, 115 செ.மீ. அவ்வளவுதான் போட்டிருந்தது.

"ஏங்க, இந்த நூத்திப்பதினஞ்சுங்கறது சுத்துங்களா?"

ராஜமாணிக்கம் ஒரு காதில் போனை வைத்திருந்தார். அவள் பக்கம் திரும்பி, "ஆமா ஆமா, எல்லாம் சேத்துத்தான்," என்று பலமாகத் தலையாட்டினார்.

அதற்குமேல் அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தையல்காரிக்கு ஒரே ஒரு எண்ணைச் சொன்னால் அது சுற்றளவுதான். முப்பத்தாறு என்றால் மார்பைச் சுற்றி முப்பத்தாறு. முப்பது என்றால் இடுப்பைச் சுற்றி முப்பது. நீளத்தைக் கேட்பவர்கள் நீளம் என்று சொல்லிக் கேட்பார்கள். விமானக்காரன் நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ஆகவே நீளத்துக்குக் கட்டுப்பாடு இல்லை. டேப்பைத் திருப்பிப் பார்த்தாள். நூற்றுப்பதினைந்து சென்டிமீட்டர் என்பது நாற்பத்தைந்தேகால் இஞ்ச்.

நாற்பத்தைந்தேகால் அவளுக்குத் தெரிந்த அளவுதான். எதிர்வீட்டு மலர்க்கொடியின் இடுப்பு. சத்துணவுக்கூட அமைப்பாளரான மலர்க்கொடி, நோட்டில் இருப்பதை முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபப்படாத ஒரே வாடிக்கைக்காரி.

"மலரு, ஒன்னையக் கையில தூக்கிக்கிட்டே ஏரோப்ளேன் ஏறலாம்டி. சுத்து சரியா இருக்குது."

"ஏழு கிலோனு போட்டிருக்குதேக்கா. எந்த ஏழு கிலோவக் கூட்டிக்கிட்டுப் போறதா உத்தேசம்?"

பள்ளிக்கூட யூனிபாரத்தில் மிஞ்சிய நீல டிரில் துணியில் பை தயாரானது. திண்டு மாதிரி நீண்ட உருளை. இரண்டு முனையிலும் வட்டம், நடுவில் கைப்பிடி, ஓரம் முழுக்க ஜிப். சுற்றளவு நாற்பத்தைந்தே இஞ்ச். கால் இஞ்ச் விமானக்காரனுக்கு மரியாதையாக விட்டது. நீளம் ஐம்பத்தெட்டு இஞ்ச். கவுனை ஒரு மடிப்புகூட இல்லாமல் தோளிலிருந்து பாதம்வரை படுக்க வைக்கலாம். இப்படி ஒரு நல்ல வழியை விமானக்காரனே எழுதிக் கொடுத்திருக்கும்போது எல்லாரும் ஏன் சதுரப் பெட்டியோடு போகிறார்கள் என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

புறப்பட ஐந்து நாள் இருந்தது. ஹேங்கரில் போர்த்த மெல்லிய துணி வாங்கப் போனபோது அப்துல் ஹக் பையின் அளவைக் கேட்டார்.

"நாப்பத்தஞ்சு," என்றாள்.

"நாப்பத்தஞ்சா? இருவத்திரண்டுதானே உடுவான்."

"இருவத்திரண்டு என்னாது, பாய்?"

"இஞ்சுதான். இருவத்திரண்டு இஞ்சு. கடையில கேட்டீங்கனா அப்படித்தான் குடுப்பான்."

நாற்பத்தைந்தில் சரிபாதி இருபத்திரண்டரை. ஜாக்கெட்டை மடித்துப் போட்டு அளந்தால் பாதி அளவுதான் வரும். பாய் மடித்துப்போட்டு அளந்த அளவைச் சொல்கிறார் போலும் என்று அவள் மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு வீடு வந்தாள். வந்ததும் போன் அடித்தது. பிரிசில்லா, ஆஸ்பத்திரியில் டூட்டிக்கு நடுவில்.

"அம்மா, கைப்பைக்கு அளவு எழுதிக்க. அம்பத்தஞ்சு, நாப்பது, இருவது."

"யாருக்கு இருவது?"

"பைக்குமா. சென்டிமீட்டர். நான் அப்பறம் பண்றேன், டாக்டர் கூப்புடறாரு."

ஆரோக்கியம்மாள் அளவு நோட்டைத் திறந்து, புதுப் பக்கத்தில் 'ஏரோப்ளேன்' என்று பெயர் எழுதி, கீழே எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டாள். 115. 45¼. 22. 55. 40. 20. ஒரே ஆளை ஆறு பேர் அளந்து, ஆறு பேரும் வேறு வேறு ஆளை அளந்த மாதிரி இருந்தது. மார்பு ஐம்பத்தைந்து, இடுப்பு நாற்பது, கை இருபது என்று ஒரு உடம்பைக் கற்பனை செய்து பார்த்தாள். அப்படி ஒரு பெண் கடலூரில் இல்லை.

மலர்க்கொடி எட்டிப் பார்த்தாள். பிள்ளைகளின் தலையை எண்ணி எண்ணி எதைக் கண்டாலும் கூட்டிவிடும் பழக்கம் அவளுக்கு.

"கடைசி மூணையும் கூட்டுனா நூத்திப்பதினஞ்சு வருதுக்கா."

"வந்தா?"

"மேலயும் நூத்திப்பதினஞ்சுதானே போட்டிருக்குது."

"நீளத்தையும் அகலத்தையும் எவளாவது கூட்டுவாளா? தோளையும் இடுப்பையும் ஒசரத்தையும் கூட்டுனா அது யாரோட அளவுடி?"

மலர்க்கொடிக்கும் தெரியவில்லை. ஆனால் கூட்டல் சரியாகத்தான் இருந்தது. ஆரோக்கியம்மாள் இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் சிதம்பரம் போவதென்று முடிவு செய்தாள். சும்மா போய் வாயால் கேட்டால் இந்த மனுஷன் மறுபடியும் தலையாட்டுவார். பையையே கொண்டுபோய்க் காட்டிவிடலாம். கவுனைப் பஸ்ஸில் ஏற்றமுடியாது என்பதால் தலையணைகளையும் பழைய புடவைகளையும் உள்ளே திணித்து உருவம் கொடுத்தாள்.

பஸ்ஸில் அது இரண்டு பேர் மடியில் படுத்துக்கொண்டு, மூன்றாவது ஆளின் காலில் இடித்தது.

"இன்னாம்மா இது, மெத்தையா?" என்றார் கண்டக்டர்.

"பை. ஏரோப்ளேனுக்கு."

"அப்போ றெக்கைய வீட்டுலயே வெச்சிட்டு வந்துட்டீங்களா?" என்றது பின்சீட்டிலிருந்து ஒரு குரல்.

கண்டக்டர் பையைத் தூக்கி, பிள்ளைகளுக்கு டிக்கெட் போட உயரம் பார்க்கும் கோட்டருகில் நிமிர்த்தி வைத்தார். "கோட்டத் தாண்டிடுச்சு. அரை டிக்கெட்டு செல்லாது, முழு டிக்கெட்டுதான்." பஸ் முழுக்கச் சிரித்தது. டிக்கெட் கிழிக்காமலே அவர் முன்னால் போய்விட்டார். ஆலப்பாக்கம் தாண்டும்வரை ஆரோக்கியம்மாள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு அவளைச் சுடவில்லை. உயரத்தைப் பார்த்ததுதான் உறுத்தியது. பஸ்காரன்கூட நீளத்தைப் பார்க்கிறானே, விமானக்காரன் பார்க்கமாட்டானா?

ராஜமாணிக்கத்தின் மாடிப்படி வளைவில் பை சிக்கியது. ஆபீசில் காத்திருந்த இரண்டு பேர் வந்து பிடித்து ஏற்றினார்கள். மேசைக்கு எதிரில் அதைக் கிடத்தியதும் ராஜமாணிக்கம் எழுந்து நின்றுவிட்டார்.

"இது இன்னாம்மா?"

"கையில எடுத்துக்கிட்டுப் போற பை. சுத்து நூத்திப்பதினஞ்சு. டேப்பு இருக்குது, அளந்து பாருங்க."

"சுத்துனு யார் சொன்னது?"

"நீங்கதான்."

"நானா?"

"தலைய ஆட்டுனீங்களே."

"அது போன்ல இருந்தவருக்கு ஆட்டுனதும்மா."

"போன்ல இருக்கறவருக்குத் தலைய ஆட்டுனா தெரியுங்களா?"

ராஜமாணிக்கம் உட்கார்ந்தார். ஒரு தாளை எடுத்துப் பெட்டி மாதிரி வரைந்து, நீளம், அகலம், உயரம் என்று மூன்று பக்கமும் எழுதினார். "இந்த மூணையும் கூட்டணும். கூட்டுனா நூத்திப்பதினஞ்சுக்கு ஜாஸ்தியாக் கூடாது. ரூல் அப்படி."

"கூட்டுனா அது எதோட அளவு?"

"பையோட அளவு."

"பையில எந்த எடத்துல டேப்ப வெச்சா நூத்திப்பதினஞ்சு காட்டும்?"

ராஜமாணிக்கம் தான் வரைந்த பெட்டியையே பார்த்தார். பென்சிலை ஒரு மூலையில் வைத்தார், எடுத்தார், இன்னொரு மூலையில் வைத்தார். இருபது வருடமாக ஆட்களை வெளிநாடு அனுப்பிக்கொண்டிருப்பவர். இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"எங்கயும் காட்டாது," என்றார் கடைசியில்.

"எங்கயும் இல்லாத அளவுக்கு நான் எப்படிங்க தைக்கிறது?"

காத்திருந்தவர்களில் ஒருவர், "அதானே," என்றார்.

ஆரோக்கியம்மாள் விடவில்லை. "சரி. கூட்டுனாத்தான் கணக்குனா, நீளம் எம்பது வெச்சிக்கிறேன், அகலம் இருவத்தஞ்சு, ஒசரம் பத்து. நூத்திப்பதினஞ்சு ஆயிடுச்சா? கவுன ஒரே மடிப்புல வெச்சிடுவேன்."

"அப்படியும் கூடாதும்மா. கவுன்ட்டர்கிட்ட ஒரு கம்பிக்கூண்டு வெச்சிருப்பான். அம்பத்தஞ்சு, நாப்பது, இருவது. அதுக்குள்ள எறங்கணும்."

"கூண்டுதான் அளவுனா எதுக்குக் கூட்டச் சொல்றான்?"

ராஜமாணிக்கம் கைகூப்பினார். "அம்மா, ஒங்களுக்குப் பின்னால ரெண்டு பேர் நிக்கறாங்க."

திரும்பும்போது பையைக் காலி செய்து, மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். தலையணைகளை ஒரு சாக்கில் போட்டுக் கொடுத்தது ராஜமாணிக்கம்தான்.

அன்று மத்தியானமே திண்டுப் பை துண்டுகளாகி, மறுபடி தைக்கப்பட்டு, சின்னப் பையாக மேசைமேல் நின்றது. ஐம்பத்தைந்து, நாற்பது, இருபது. பாய் சொன்ன இருபத்திரண்டு இஞ்ச் அந்த ஐம்பத்தைந்துதான். அதற்குள் கவுன் போகவில்லை. சாட்டின் சொன்னபடி மடங்கியது, மணிவேலைகூட அடங்கிப் போனது. அந்த ஆறு அடுக்கு வலைதான். ஒருபக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழுந்தது. மலர்க்கொடி கூப்பிடாமலே வந்து, ஒரு பெட்ஷீட்டைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். எழுந்ததும் வலையும் கூடவே எழுந்தது.

"ஒங்க வேலதான்க்கா. கெட்டியாத் தைச்சிட்டீங்க."

ஆரோக்கியம்மாள் கவுனைத் திருப்பிப் போட்டு இடுப்புத் தையலைத் தேடினாள். ஊரில் எத்தனையோ பேருடைய தையலைப் பிரித்திருக்கிறாள். குறை சொன்னவர்களுக்கு, உடம்பு பெருத்தவர்களுக்கு, கல்யாணம் நின்றுபோனவர்களுக்குக்கூட. யாரும் இன்னும் உடுத்தாத, ஒரு குறையுமில்லாத கவுனை அவள் பிரித்ததில்லை. பெட்டியில் போட்டால் முழுக் கவுனும் தொலையலாம். கையில் எடுத்துப்போனால் முழுக் கவுனும் வராது. கடைசியில் இடுப்புத் தையலைப் பிளேடால் பிரித்தாள். வலையை மட்டும் தனியாக எடுத்தாள். மேலுடம்பையும் சாட்டின் பாவாடையையும் தற்காலிகமாகப் பெரிய பெரிய ஓட்டுத்தையலில் சேர்த்து வைத்தாள். வலை பெட்டிக்கு, மற்றது கைக்கு. அங்கே போய் இரண்டு நாளில் கையாலேயே தைத்துவிடலாம். வலை தொலைந்தால்கூட வலைதானே என்று சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டதை அவளே நம்பவில்லை.

சென்னை விமான நிலையத்தில் அவளுக்கு முன்னால் நின்ற ஆள் ஒரு கையில் டி.வி. அட்டைப்பெட்டி அளவுக்கு ஒன்றும், தோளில் இரண்டு பையும் வைத்திருந்தார். கவுன்ட்டர்ப் பெண் அவருக்குச் சீட்டைக் கிழித்துக் கொடுத்து அனுப்பிவிட்டாள். ஆரோக்கியம்மாளின் பெட்டி பெல்ட்டில் நகர்ந்து உள்ளே போனது. நீலப் பையைத் தராசில் வைத்தார்கள், ஐந்து கிலோ. அந்தப் பெண் அதில் ஒரு அட்டையைக் கட்டி, "போலாம்மா," என்றாள்.

"அளக்கலிங்களா?"

"தேவையில்லைமா."

"நூத்திப்பதினஞ்சு போட்டிருந்தீங்களே."

"பாத்தாலே தெரியுதும்மா, சின்னப் பைதான்."

ஆரோக்கியம்மாளுக்கு அந்த இடத்தைவிட்டு நகரக் கால் வரவில்லை. பக்கத்தில் கம்பிக்கூண்டு நின்றது, யாரும் சீண்டாமல். அவளே போய்ப் பையை அதில் இறக்கினாள். இழுக்காமல், தள்ளாமல் போய் உட்கார்ந்தது. அதுவரை வரிசையில் சும்மா நின்ற நாலைந்து பேர் தங்கள் பைகளைக் காலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டார்கள்.

"ஏம்மா," என்று ஒருவர் பல்லைக் கடித்தார், "சும்மா இருக்கறவங்களுக்கு ஏன் ஞாபகப்படுத்துறீங்க?"

அவள் பையை வெளியே எடுத்தாள். இத்தனை பேர் கூண்டில் இறங்காத பையோடு ஏறப்போகிறார்கள். அப்படியானால் தன்னை யார் பிரிக்கச் சொன்னது என்று யோசித்துப் பார்த்தாள். ராஜமாணிக்கமா, பாயா, பிரிசில்லாவா? யாருமே பிரி என்று சொல்லவில்லை.

சிங்கப்பூரில் இறங்கிய பிறகு பெல்ட் ஒன்றரை மணி நேரம் சுற்றியது. டி.வி. பெட்டிக்காரர்கூடப் போய்விட்டார். ஆரோக்கியம்மாளின் பெட்டி வரவில்லை. ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கே வரும் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் பிரிசில்லா கவுனைப் போட்டுப் பார்த்தாள். மேலே அளவு கச்சிதம். கீழே சாட்டின் காலோடு ஒட்டிக்கொண்டு தொங்கியது. பிரிசில்லா கண்ணாடியைப் பார்த்து, "பரவாயில்லமா," என்றாள். ஆஸ்பத்திரியில் பிழைக்கமாட்டார் என்று தெரிந்த நோயாளியிடம் பேசுகிற குரல் அது. வலைத்துணி வாங்கலாம், ஆனால் ஆறு அடுக்கைச் சுருக்கம் வைத்துக் கையால் தைக்க ஒருநாள் போதாது என்று ஆரோக்கியம்மாளுக்குத் தெரியும்.

அப்போது சம்பந்தியம்மாள் வாடகைக் கவுனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து நின்றாள். தயங்கித்தான் நின்றாள். ஆரோக்கியம்மாள் அதைக் கையில் வாங்கி, பழக்கம் போல முதலில் உள்பக்கத்தைப் புரட்டினாள். தையல் சுமார். மணிகளைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். ஆனால் வலை தனிப் பாவாடையாக, நாடா போட்டுத் தனியே கழற்றும்படி இருந்தது. ஏழு அடுக்கு.

"இத மட்டும் எடுத்துக்கலாங்களா?" என்றாள்.

சம்பந்தியம்மாள் நாடாவை அவிழ்த்தாள். "முழுசாத்தான் வாடகைக்கு எடுத்தேன். பாதியப் போட்டாலும் போட்டதுதானே."

நாடாவை இருபத்தேழுக்கு இழுத்துக் கட்டினார்கள். ஆரோக்கியம்மாளின் சாட்டின் அதன்மேல் இறங்கியதும் குடைபோல விரிந்து நின்றது. இரண்டு அம்மாக்களும் தரையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கம் ஓரத்தைச் சரிசெய்தார்கள். அன்று மாலைக்குள் ஓட்டுத்தையலெல்லாம் நெருக்கமான தையலாகிவிட்டது. சனிக்கிழமை பிரிசில்லா பீடத்துக்கு நடந்தபோது, பின்வரிசையில் ஒரு பெண், "கவுன் எங்க எடுத்தது?" என்று கேட்டாள். ஆரோக்கியம்மாளும் சம்பந்தியம்மாளும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்து, ஒரே நேரத்தில் மூடிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பெட்டி வந்தது. திறந்ததும் ஆறு அடுக்கு வலை மெல்ல எழுந்து, மூடியைத் தாண்டி நின்றது. சம்பந்தியம்மாள் அதைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தாள்.

"ஊருக்குத் திரும்பும்போது இத எதுல வெச்சு எடுத்துட்டுப் போவீங்க சம்பந்தி, பெட்டியிலயா கையிலயா?"

ஆரோக்கியம்மாள் வலையை ஒரு பக்கம் அமுக்கிப் பார்த்தாள். அது மறுபக்கம் எழுந்து நின்றது.